கண்ணாடித் திரையில் தூரிகை பழகுவோருக்கு

மகன் கணனியில் படம் வரைகிறான் என்று சொன்னால், நம்மவர் வீடுகளில் அதனை ஓவியப் பயிற்சியாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பொத்தானை அமுக்கினால் படம் வந்துவிடுகிறது, இதில் பயில என்ன இருக்கிறது என்பதே பெற்றோர் பலரது எண்ணம். ஆனால் ஈஸ்ற் ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் ஓர் அறையை இருவர் மூவராகப் பகிர்ந்து வாழும் நம் இளைஞர் பலருக்கு, வரைவதற்கு வாய்த்திருக்கும் ஒரே தளம் கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரைதான். எண்ணெய் வர்ணம் காயும்வரை படத்தைச் சாத்தி வைக்கச் சுவரில்லை. ரேப்பன்ரைன் மணம் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆகாது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தஞ்சக் கோரிக்கையாளர் ஒருவருக்குப் பிரித்தானிய அரசு வாரத்துக்கு 49.18 பவுண் வழங்கியது. உணவு தரப்படும் விடுதிகளில் இருந்தோருக்கு 8.86 பவுண் மட்டுமே. இத்தொகையில் வர்ணக் குழாயும் கன்வஸும் வாங்குவது எங்ஙனம்?

ஆகவே, திரையில் வரைவது ஓவியமாகுமா என்ற விவாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, திரையில் வரைபவர் எவ்வாறு தேர்ச்சி பெறுவது என்று கேட்பதே நமக்குப் பயன்தரும். அதற்கு விடை தேட இலண்டனைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை எனலாம்.

1937இல் பிராட்ஃபோர்ட் நகரில் பிறந்து, 1959 முதல் 1962 வரை இலண்டன் றோயல் கலைக்கல்லூரியில் பயின்ற டேவிட் ஹொக்னியை எடுத்துக்கொள்வோம். 1987ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி, ஓவியர் சிலரை அழைத்து, குவான்ரெல் நிறுவனத்தின் 'பெயின்ற்பொக்ஸ்' என்ற கணனியின் முன் அமர்த்திப் படம்பிடித்தது. அவர்களில் ஹொக்னியும் ஒருவர். மின்பேனாவால் தட்டில் வரைந்தால், கோடு எதிரேயுள்ள திரையில் ஒளியாகத் தோன்றும். அவ்வியந்திரம் தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தது. எண்ணெய் வர்ணத்தில் ஏற்கெனவே புகழ் பெற்றிருந்த ஹொக்னி அதனை விளையாட்டாகக் கருதாமல், ஒளியையே நிறமாகக் கொண்டு வரைவது எப்படி என்று ஆராய்ந்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 2009இல், எழுபது வயதைக் கடந்த அதே ஓவியர், ஐபோன் திரையில் பெருவிரலால் பூக்களை வரைந்து காலையில் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஐபாட் வந்தது. 2011ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் கோடை வரும்வரை, கிழக்கு யோர்க்சயரில் வோல்ட்கேற் என்ற ஒரே சாலைக்குத் திரும்பத் திரும்பச் சென்று, பனிக்கால மொட்டைக் கிளை முதல் இலை அடர்ந்த நிழல் வரை வரைந்தார். 2012இல் இலண்டன் றோயல் அக்கடமியில் வைக்கப்பட்ட அத்தொகுதியில் 51 ஐபாட் வரைபடங்களும், 32 கன்வஸ் துண்டுகளை இணைத்துத் தீட்டிய ஓர் எண்ணெய் ஓவியமும் இருந்தன. 2018இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் திறக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கான வடிவத்தையும் அவர் ஐபாட்டிலேயே அமைத்தார்.

அவர் பயன்படுத்திய 'பிறஷஸ்' என்ற மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. வரைந்து முடித்த படத்தை முதற்கோட்டிலிருந்து மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். தாம் வரைவதைத் தாமே அதற்குமுன் கண்டதில்லை என்று ஹொக்னி வியந்திருக்கிறார். ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கே அது புதிய பாடமாக இருந்ததெனில், பழகுநருக்கு எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் வர்ணத்தில் மேற்பூச்சு கீழ்ப்பூச்சை விழுங்கிவிடும். படம் எந்த இடத்தில் கெட்டது என்பதை ஆசிரியர் அருகிருந்து பார்த்தாலன்றி அறியமுடியாது. திரையிலோ அதனைத் தேடிப் பிடிக்கலாம். முகம் உயிரோடிருந்தது இருபதாம் நிமிடத்தில், அதன்பின் கண்ணிமை மயிர்களை எண்ணி எண்ணிச் சேர்த்ததில் உயிர் போயிற்று என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும். கணனி ஓவியருக்குத் தரும் பெருங்கொடை வேகமோ, கோடிக்கணக்கான நிறங்களோ அல்ல, இந்த நினைவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இன்று 'புறோகிறியேற்' போன்ற மென்பொருள்களும் வரைந்த விதத்தைப் பதிவு செய்கின்றன. நம் இளைஞரோ அப்பதிவை முகநூலில் போட்டுப் பாராட்டுப் பெறுவதற்கே பயன்படுத்துகின்றனர். தனியே அமர்ந்து, மெதுவாக ஓடவிட்டு, தம் பிழையைக் காண்போர் அரிது.

கொடையின் மறுபக்கம் ஆபத்து. பிழைத்த கோட்டை ஒரு தட்டலில் நீக்கும் வசதி, கோடு போடுமுன் சிந்திக்கும் பழக்கத்தையே கெடுத்துவிடுகிறது. ஒரே வளைவை இருபது தடவை போட்டுப் போட்டு அழித்து, தற்செயலாக ஒன்று சரிவந்ததும் நிம்மதியடைவது பயிற்சியாகாது. இருபத்தோராவது தடவையும் கை அதே பிழையையே செய்யும். வாரத்தில் ஓரிரு நாட்களாவது அழித்தலை அறவே தொடாமல் வரைவது நன்று. நம் ஊரில் விடியற்காலையில் முற்றத்தில் கோலமிடும் பெண்கள் மாவை அள்ளி விட்ட பின் திரும்பப் பெறுவதில்லை. புள்ளி வைக்கும்போதே இழை எங்கே சென்று முடியும் என்பது அவர்களது விரலுக்குத் தெரியும்.

படத்தை எந்த ஒழுங்கில் வளர்ப்பது என்ற கேள்விக்கு, கணனி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே விடை கண்டவர் ஜோன் கொன்ஸ்டபிள். இலண்டனில் இருந்துகொண்டே தாம் பிறந்த சஃபோக் பகுதியின் ஆற்றங்கரையை வரைந்தவர் அவர். 1821இல் காட்சிக்கு வந்த 'வைக்கோல் வண்டி' ஓவியம் ட்ரஃபல்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக்கூடத்துக்கு உரியது. அதே அளவில் அவர் முன்கூட்டித் தீட்டிய எண்ணெய் வரைவு சவுத் கென்சிங்ரனில் உள்ள விக்ரோறியா அல்பேர்ட் அரும்பொருட் காட்சியகத்துக்கு உரியது. இரு இடங்களின் நிரந்தரத் தொகுப்புகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வரைவில் தூரிகை வெறிகொண்டு ஓடியிருக்கும். இருளும் ஒளியும் பெரும் பட்டைகளாகக் கிடக்கும். முடிந்த ஓவியத்தில் அவை ஒழுங்குபெற்று, இலையும் நீரும் தனித்தனியே தெரியும். வரைவில் கரையோரம் நின்ற குதிரை முடிந்த ஓவியத்தில் இல்லை. அதன் இடத்தில் பீப்பாய் ஒன்றைத் தீட்டி, அதனையும் மறைத்துவிட்டார். பெரிய படத்துக்கு முன் சிறு பென்சில் குறிப்பு, சிறு எண்ணெய்ப் பயிற்சி, முழு அளவு வரைவு எனப் படிப்படியாக ஏறுவது அவரது முறை. வண்டியின் அமைப்பு ஐயமாக இருந்தபோது, ஊரிலிருந்த ஓர் இளைஞரைக் கொண்டு வண்டியை வரைவித்துத் தபாலில் பெற்றார் என்பது புலம்பெயர்ந்த நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி.

ஏனெனில், ஊரை வரையும் நம் பிள்ளைகள் பலர் பனை என்று எண்ணித் தென்னையை வரைகிறார்கள். பனையோலை விறைத்த விசிறி. தென்னோலை தொங்கும் இறகு. துலா மிதித்த கிணற்றைக் கண்டிராதவர், பிரித்தானியச் சிறுவர் நூல்களில் வரும் ஓட்டுக்கூரைக் கிணற்றை முற்றத்தில் நிறுத்திவிடுகிறார். இணையத்தில் அகப்படும் படத்தை நகலெடுப்பதிலும், கோண்டாவிலிலோ மன்னாரிலோ உள்ள உறவினரிடம் கேட்டு, வேலியையும் படலையையும் நாலு பக்கமும் படம்பிடித்து அனுப்பச் சொல்வது எவ்வளவோ மேல். அம்மம்மா பக்கத்தில் இருந்தால் அவரைக் கேட்டால் போதும். திரையை அவர் முன் வைத்துப் பாருங்கள், பிழைகள் ஒன்றும் தப்பா.

கொன்ஸ்டபிளின் படிமுறையைத் திரைக்கு மாற்றுவது கடினமன்று. முதலில் தீப்பெட்டி அளவில் நாலைந்து குறும்படங்கள், கறுப்பு, சாம்பல், வெள்ளை என்ற மூன்றே நிலைகளில். வெளிச்சம் எத்திசையிலிருந்து விழுகிறது என்பதை இங்கேயே தீர்மானித்துவிடவேண்டும். பின்னர் தீர்மானிக்கலாம் என்று விட்டால் மூக்கின் நிழல் வலப்பக்கமும் மரத்தின் நிழல் இடப்பக்கமும் விழும். நன்றாய் வந்த ஒன்றைப் பெருப்பித்து, மேலே புதிய அடுக்கொன்றைத் திறந்து, அகன்ற தூரிகையால் நிறத்தை இடுக. நிறம் இடும்போது அவ்வப்போது படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்ப்பது இன்றியமையாதது. நிறத்தில் அழகாகத் தெரிந்த சிவப்புச் சேலையும் பச்சை வாழையும் சாம்பலில் ஒரே கறையாகிவிட்டால், பிழை நிறத்தில் இல்லை, ஒளி நிழல் அளவில் இருக்கிறது. படத்தை இடம்வலமாகப் புரட்டிப் பார்ப்பதும் அத்தகையதே. ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துக் குற்றம் காணுமாறு லியனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த அறிவுரையைக் கணனி ஒரு தட்டலில் நிறைவேற்றித் தருகிறது. கோணிய கண் உடனே அகப்படும்.

நுணுக்கங்கள் இறுதியில்தான். தூரிகை வகைகளோ ஒன்றிரண்டு போதும். மென்பொருளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன என்பதற்காக, இலைக்கு ஒரு தூரிகை, முகிலுக்கு ஒரு தூரிகை, கூந்தலுக்கு ஒரு தூரிகை என்று தேடிக்கொண்டிருப்போர் தேடுவதிலேயே மாலைப்பொழுதைக் கழிக்கின்றனர். விலை பற்றியும் அஞ்சவேண்டியதில்லை. 'கிறீற்றா' என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பது. பழைய மடிக்கணனியும் மலிவான வரைபலகையும் அதற்குப் போதும்.

நம்மவர் கணனிப் படங்களில் மலிந்துள்ள குறை ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. திருமண அன்பளிப்பாகவும் நினைவஞ்சலிக்காகவும் செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை, ஒளிப்படத்தின்மேல் கோடிழுத்து, தோலை மெழுகுபோல் வழவழப்பாக்கி, பின்னால் சூரிய அத்தமனத்தைச் செருகியவை. ஒளிப்படத்திலிருந்தே நிறத்தை உறிஞ்சி எடுப்பதால், தமிழ்த் தோலின் நிழலில் நீலமும் ஊதாவும் செம்மண் நிறமும் கலந்திருப்பதை இவர்கள் கண்ணால் கண்டறிவதேயில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் நாலு சொல் எழுதிக் கொடுத்தால் அத்தகைய படத்தை அதுவே செய்து தந்துவிடுகிறது. பெற்றோர் சொன்ன பொத்தான் உண்மையாகவே வந்துவிட்டது. அந்த வழவழப்பை நம்பியிருந்தவருக்கு இது இடிவிழுந்த செய்தி. பாட்டனின் கன்னத்துச் சுருக்கத்தை நேரே பார்த்து வரைந்து பழகியவருக்கு அவ்வளவு கலக்கம் இராது.

இங்கு ஓர் எச்சரிக்கை. படம் தேறியதும், இணையவழியாக ஐந்து பவுணுக்கும் பத்துப் பவுணுக்கும் வரைந்து கொடுக்க இளைஞர் முற்படுவது இயல்பு. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோருக்குப் பிரித்தானியாவில் பொதுவாக வேலை செய்யும் உரிமை கிடையாது. சுயதொழிலுக்கும் அத்தடை பொருந்தும். அறைக்குள் இருந்து வரைவதுதானே என்று எண்ணிப் பணம் பெற்றால், அது கோரிக்கைக்கே இடையூறாகலாம். முதற் காசைக் கையில் வாங்குமுன் தமது சட்டத்தரணியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும்.

இனி, பேணுதல் பற்றி. 1981இல் எரிந்த யாழ் நூலகத்தையும், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளோடு கைவிட்டு வந்தவற்றையும் நினைவில் வைத்திருக்கும் சமூகத்துக்கு, ஒரு நகத்தளவு தகட்டுக்குள் ஆயிரம் படங்களைக் கொண்டுசெல்லலாம் என்பது ஆறுதல்தான். எனினும் தொலைபேசி தொலைந்தால் ஆயிரமும் சேர்ந்தே தொலையும். அடுக்குகள் பிரிந்திருக்கும் மூலக்கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருத்தல் வேண்டும். ஜேபெக் வடிவில் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் படம் சிறிது தேயும். அச்சிட எண்ணினால் தொடக்கத்திலேயே அளவைத் தீர்மானிக்கவேண்டும்: ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்துக்கு அகலத்தில் 2480, உயரத்தில் 3508 படப்புள்ளிகள் தேவை. திரையின் ஒளி தாளில் வராது என்பதால் சற்று மங்கலாகவே அச்சாகும். முதலில் ஒரு தாளை மட்டும் அச்சிட்டுப் பார்த்துத் திருத்துவது செலவைக் குறைக்கும்.

1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹம்ப்ஸ்ரெட் மேட்டுநிலத்தில் நின்று கொன்ஸ்டபிள் வானத்தை மட்டுமே தாளில் வரைந்தபோது, பலவற்றின் பின்புறத்தில் தேதியையும் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதிவைத்தார். திரைக்குப் பின்புறம் இல்லை. கோப்பின் பெயரிலேயே அவற்றை எழுதலாம்: நாள், மணி, எந்தச் சாளரத்து வெளிச்சம், எத்தனை நிமிடத்தில் வரைந்தது.