விசைப்பலகைக்குள் ஒரு வாத்தியக்குழு

ஜேர்மனியின் கொலோன் நகரில் 1969இல் உருவான ட்ரையும்விராட் என்னும் ராக் குழு, 1972இல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டில், வழக்கமாகக் கிற்றாருக்குரிய தலைமையிடத்தை யூர்கன் ஃபிரிட்ஸ் வாசித்த விசைக் கருவிகளுக்கு அளித்தது. தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, கீபோர்ட் கலைஞராகத் தொழில் தொடங்கிய ஏ. ஆர். ரஹ்மான், சென்னைக் கோடம்பாக்கத்தில் தாம் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தின் துணையுடன் 1992இல் இசையமைத்து, தேசிய விருதும் பெற்ற 'ரோஜா' திரைப்படம் ஆகும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் விசைப்பலகையின் தொழிற்பாடே மாறிவிட்டது. பழைய மின் ஆர்கன் தன் ஒலியைத் தானே பிறப்பித்தது; பின்வந்த சாம்ப்ளர் என்னும் கருவியோ, புல்லாங்குழல், வயலின் முதலிய உண்மையான வாத்தியங்களின் ஒலியைப் பதிந்து, அவ்வொலியலையை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. குறுந்தட்டின் தரத்தில் இது விநாடிக்கு 44,100 அளவீடுகளாகும். மேல் சுரத்துக்குரிய விசையை அழுத்தினால் அதே எண்கள் விரைவாகப் படிக்கப்பட்டுச் சுருதி உயர்கிறது. ஆனால் ஒரு ஸ்தாயி மேலே சென்றால் வேகம் இரட்டித்து, ஒலியின் நீளம் பாதியாகி, வாத்தியத்தின் இயல்பான குரல் திரிந்துவிடுவதால், சில விசைகளுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவுகள் வைக்கப்படுகின்றன.

இதனுடன் இணையும் சீக்குவென்சர் ஒலியைப் பதிவதில்லை. எந்த விசை, எப்போது, எவ்வளவு வலுவாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் கட்டளைகளை மட்டும், 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி என்னும் பொது முறைப்படி அது குறித்துக்கொள்கிறது. அழுத்தத்தின் அளவு அதில் 0 முதல் 127 வரையான எண்ணாக அமைகிறது. ஆகவே வாசித்து முடித்த பின்னரும் சுருதி மாறாமல் காலப்பிரமாணத்தைக் கூட்டவோ, வயலினுக்கு வாசித்ததைக் குழலுக்கு மாற்றவோ இயலும்.

இலங்கையின் கட்டைபறிச்சான் போன்ற ஊர்களின் திருவிழா மேடையில் ஒருவர் ஒரே கீபோர்டில் வயலின் கூட்டத்தையும் குழலையும் தவிலையும் எழுப்ப முடிவது இந்த நுட்பத்தாலேயே ஆகும். எனினும் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தைத் தனித்தனி விசைகள் தருவதில்லை. சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் அக்குறையை ஓரளவே ஈடுசெய்வதால், நாதஸ்வரக் கலைஞரின் இடம் இன்றும் அவருக்கே உரியதாக இருக்கிறது.