நீ யாருடைய பிள்ளை?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்த நெரிசலில் பெற்றோரின் கையை விட்டுப்போன பிள்ளைகளும் இருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளையிடம் தகப்பனின் பெயரைக் கேட்டால், "அப்பா" என்றுதான் சொல்லும்.

இன்று நாம் காணி பார்க்கப் போகிறோம். ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழாவுக்குப் போகிறோம். பயணம் வேறு, சனநெரிசல் அதேதான்.

ஆகவே பெற்றோரே, புறப்படுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். பெற்றோர் பெயர், இப்போது தங்கியிருக்கும் இடம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி, நனையாதபடி பொலித்தீனில் சுற்றிப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் வைத்துத் தையுங்கள். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். "எல்லாரும் பார்ப்பார்கள்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. தவறிப்போனால் எங்களைத் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம் என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், "நீ யாருடைய பிள்ளை? உன் ஊர் எது?" என்று விளையாட்டாகக் கேளுங்கள். இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்த பிள்ளை சொந்த ஊரைக் கண்டிருக்காது. துண்டிலே இருப்பது தங்கியிருக்கும் விலாசம். ஊரின் பெயர் அதன் வாயில் இருக்கட்டும்.