மாயக் கணிப்பொறியும் மெய்யான வேகமும்

ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகத் தோன்றச் செய்யும் வித்தை புதியதன்று. அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். விஞ்ஞான நிலையத்தார் 1960களிலேயே அதைச் சாதித்தார்கள்; 1972இல் ஐ.பி.எம். அதை வி.எம்./370 என்ற பெயரால் உலகுக்கு அளித்தது. இம்மாய யந்திரங்களைப் படைத்து மேய்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஆயினும் வானிலைக் கணிப்பு, மூலக்கூறுகளின் சலனம் முதலான பெருங்கணக்குகளைப் போடுகிறவர்கள், இடையில் ஒரு தரகர் புகுந்தால் வேகம் கெடும் என்றஞ்சி, நெடுங்காலம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அச்சம் நியாயமானதே, ஆனால் வேகம் கெடுவது கணக்குப் போடுமிடத்தில் அன்று. கூட்டலும் பெருக்கலும் ஹைப்பர்வைசரிடம் உத்தரவு கேட்காமல் நேரே செயலியின் கணக்கிடும் கருவான கோரிலேயே நடந்துவிடுகின்றன. நினைவகத்தில்தான் சங்கடம். ஒரு நிரல் கேட்கும் முகவரியை மெய்யான முகவரியாக மாற்ற, 64 பிட் யந்திரத்தில் சாதாரணமாக நான்கு அடுக்கு அட்டவணைகளைப் புரட்டினால் போதும். மாய யந்திரத்திலோ, அந்த அட்டவணைகள் காட்டும் முகவரிகளே மாயமானவையாதலால், ஒவ்வொன்றையும் மீண்டும் பெயர்த்தறிய வேண்டியிருக்க, நான்கு தடவை என்பது மிஞ்சிப்போனால் 24 ஆகிவிடும். நினைவகத்தை 4 கிலோபைட் துண்டுகளாக அன்றி 2 மெகாபைட் துண்டுகளாகப் பகுத்தால் இச்சிரமம் பெரிதும் தணியும்.

இன்னொரு சங்கதி, பூகோளம். இரு செயலிகள் கொண்ட சர்வரில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அருகே நினைவகம் உண்டு. அயலானுடையதை எட்டக் காலம் அதிகமாகும். லினக்ஸ், எந்தக் கோர் நினைவகத்தின் ஒரு துண்டை முதலில் தொடுகிறதோ அதன் அருகிலேயே அதை வைக்கும் புத்திசாலி. எனினும் ஹைப்பர்வைசர் பூகோளத்தை மறைத்துவிட்டால் அது என்ன செய்யும்? மாயக் கோர் ஒவ்வொன்றையும் ஒரு மெய்யான கோரோடு பிணைத்து, யந்திரத்தின் அமைப்பையும் உள்ளபடி காட்டிவிடுவதே பரிகாரம். மறைப்பதற்கென்றே பிறந்த வித்தையிடம் மறைக்காதே என்று கேட்பது வேடிக்கைதான்!

ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் எம்.பி.ஐ. முறையில் பல கோர்கள் சேர்ந்து வேலை செய்கையில், பந்தியில் கடைசி ஆள் கை நனைத்து முடிக்கும்வரை எவரும் எழாதிருப்பதுபோல, கட்டந்தோறும் எல்லாம் எல்லாவற்றுக்காகவும் காத்திருக்கும். அவ்வேளையில் ஹைப்பர்வைசர் ஒரே ஒரு கோரை வேறு காரியத்துக்குக் கணநேரம் பிடுங்கிக்கொண்டாலும் மற்ற அத்தனையும் சும்மா நிற்கும். ஆகையால் வலைக் கடைகளை நடத்துவோர் தாராளமாகச் செய்வதுபோல், உள்ள கோர்களுக்கு மேல் மாயக் கோர்களைப் பங்கிட்டுக் கொடுப்பது இங்கே செல்லாது.