ஒரு செயலாளரின் கடிதக்கட்டு



ஒரு கச்சேரியைப் பாடியவரின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறோம். அதை ஒழுங்கு செய்தவரை, பாட்டை மொழிபெயர்த்தவரை எவரும் நினைப்பதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லப் பெரும்பாலும் மிஞ்சுவது அவர்களுடைய காகிதங்கள்தான். இதற்கு நல்ல உதாரணம் எட்வர்ட் டென்ட்.

1876இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்தவர். 1926 முதல் 1941 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர். மோட்சார்ட்டின் ஒபராக்களை, அதாவது இசை நாடகங்களை, ஆங்கிலத்தில் பாடும்படி மொழிபெயர்த்தார். 1911இல் கேம்பிரிட்ஜில் மேடையேறிய 'மாயப் புல்லாங்குழல்' அவ்வாறு வந்ததே. இது இலகுவான வேலையல்ல. மெட்டு மாறக்கூடாது, சொல் மட்டுமே மாறலாம். நீட்டிப் பாடவேண்டிய இடத்தில் குறில் விழுந்தால் நம் காதுக்கு எப்படி இடறுமோ, அதே சிக்கல் அங்கும் உண்டு.

நிர்வாகமோ இன்னும் கடினம். முதலாம் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1922இல், சால்ஸ்பேர்க்கில் சமகால இசைக்கான சர்வதேசச் சங்கம் தொடங்கப்பட்டது. போரில் எதிரெதிரே நின்ற நாட்டவர்களை ஒரே சபையில் அமர்த்தவேண்டிய பொறுப்பு, முதல் தலைவரான டென்ட்டிடம் வந்தது. 1938 வரை அதைச் சுமந்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மன் கிளை இல்லாமற் போனது. ஆனாலும் 1936 ஏப்ரலில் பார்சலோனாவில் விழா நடந்தது. சில மாதங்களுக்கு முன் காலமான அல்பன் பேர்க்கின் வயலின் கொன்செர்ட்டோ முதன்முதலாக ஒலித்தது அங்கேதான். மூன்று மாதத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது.

1957இல் மறைந்த டென்ட்டின் காகிதங்கள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர் பாடகர் கிளைவ் கேரிக்கு எழுதிய கடிதங்களிலிருந்து 1979இல் ஒரு நூலே வெளிவந்தது. ஆவணக் காப்பகம் நூலகத்தைப் போன்றதல்ல. வந்த காகிதங்களைத் தலைப்பு வாரியாகப் பிரிக்காமல், உரியவர் வைத்திருந்த ஒழுங்கிலேயே காத்துப் பட்டியலிடுவதுதான் அங்கே பொது விதி. கணக்காளனான எனக்கு இதன் காரணம் நன்றாகப் புரிகிறது. ஐந்தொகை முடிவை மட்டும் சொல்லும். நடந்ததைச் சொல்வது பற்றுச்சீட்டுக் கட்டுத்தான். கட்டைக் கலைத்தால் எது எதற்குப் பதில் என்பதே தெரியாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் இசைச் சபைகளை நடத்தியவர்களுக்கும் வயதாகிவிட்டது. வீடு மாறும்போது கூட்டக் குறிப்பேடும் கடிதங்களும் வரவுசெலவுக் கொப்பியும் குப்பைக்குப் போகவேண்டாம். கலைக்காமல் ஒரே பெட்டியில் வைத்து, யாருடையவை, எந்த ஆண்டுகளுக்குரியவை என்று வெளியே எழுதுங்கள். பிறகு உங்கள் ஊர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.