படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில்

அந்தமானில் நமக்குப் படகுதான் பஸ். சாத்தாமிலிருந்து பேம்பூ ஃபிளாட் போகப் படகு. ஹேவ்லாக் போகவும் படகு.

படகு ஜெட்டியை நெருங்கும்போது கவனித்துப் பாருங்கள். ஜெட்டியின் ஓரத்தில் பழைய லாரி டயர்கள் தொங்கும். பெரிய கப்பல் நிற்கும் துறை என்றால் கனத்த ரப்பர் கட்டைகள் இருக்கும். இவை எதற்கு?

ஒருவர் உங்களிடம் ஒரு தேங்காயை வீசுகிறார். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் வலிக்கும். கையைப் பின்னால் இழுத்தபடி பிடித்தால் அவ்வளவு வலிக்காது. ஏன்? தேங்காய் சட்டென்று நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

டயரும் இதைத்தான் செய்கிறது. படகு வந்து மோதுகிறது. டயர் நசுங்குகிறது. அந்தச் சிறு நேரத்தில் படகின் வேகம் அடங்கிவிடுகிறது. படகும் உடையாது. ஜெட்டியின் தூணும் தப்பும்.

ஆனால் டயர் தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. படகின் வேகம் 2 மடங்கானால், டயர் தாங்க வேண்டிய மோதல் 4 மடங்காகும். வேகம் 3 மடங்கானால் மோதல் 9 மடங்கு! அதனால்தான் கரை நெருங்கியதும் படகு ஊர்ந்து வருகிறது. அவசரம் என்று நாம் முணுமுணுக்கிறோம். ஓட்டுபவர் செய்வதே சரி.

இந்தத் தாங்கிக்கு ஆங்கிலத்தில் ஃபெண்டர் என்று பெயர். போர்ச்சுக்கீசிய மொழியில் டெஃபென்சா. இரண்டும் லத்தீன் மொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. காப்பது என்று பொருள். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் மூலம் நமக்கு வந்த சொற்கள். டெஃபென்சா மட்டும் நம் பேச்சில் ஒட்டவில்லை. நமக்கு அது டயர்தான். டயர் வருவதற்கு முன்பு, தேங்காய் நார்க் கயிற்றைத் தடிமனாகப் பின்னித் தொங்கவிட்டார்கள்.

டயர் சரியான உயரத்திலும் இருக்க வேண்டும். கடல் தினமும் ஏறும், வற்றும். அதனால்தான் சில இடங்களில் டயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அப்போது போர்ட் பிளேர் பகுதியில் நிலம் சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ நிலம் உயர்ந்தது. பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்தன. நிலம் தாழ்ந்தால் ஜெட்டியும் தாழும். அதில் கட்டிய டயரும் தாழும். படகு தண்ணீரில் மிதப்பது. அது தாழாது. பிறகு டயர் ஓரிடம், படகு இடிப்பது வேறிடம் என்று ஆகிவிடும்.

படகில் போகும் நாம் என்ன செய்ய வேண்டும்? கையை வெளியே நீட்டக் கூடாது. சிலர் காலால் ஜெட்டியை உதைத்துப் படகை நிறுத்தப் பார்ப்பார்கள். இது பெரும் ஆபத்து. படகு பல டன் எடை உள்ளது. நசுங்கிய டயர் மறுபடி விரியும். நசுங்கிய கால் எலும்பு அப்படி அல்ல. குழந்தைகளை ஓரத்தில் நிற்க விடாதீர்கள். கயிறு கட்டி முடிக்கும்வரை இறங்காதீர்கள்.

டயரைத் தாங்கும் சங்கிலி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஒரு நாள் அறுந்து விழும். டயர் இல்லாத இடத்தில் இரும்பு துருத்திக்கொண்டு நின்றால், ஜெட்டியில் வேலை செய்பவரிடம் அன்றே சொல்லுங்கள்.