கோடையில் தொட்டி ஆந்தூரியம் வளர்ப்பு (கங்கைகொண்டான் வட்டாரம்)

ஆந்தூரியம் சேம்பு, சேனைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அழகுச் செடியாகும். பூ என்று நாம் சொல்லும் பளபளப்பான சிவப்புப் பகுதி உண்மையில் ஒரு பாளை. அதன் நடுவில் வால்போல நீண்டிருக்கும் தண்டில்தான் நுண்ணிய பூக்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. கிரேக்க மொழியில் 'பூ', 'வால்' என்று பொருள்படும் இரு சொற்களிலிருந்து இதன் பெயர் வந்தது. பிரெஞ்சு தாவரவியலாளர் எடுவார் ஆந்த்ரே 1876-இல் கொலம்பியாவில் இதைச் சேகரித்தார். தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் இனத்துக்கு 'ஆண்ட்ரியானம்' என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் ஈரக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், பலவேளை மரக்கிளைகளையே பற்றிக்கொண்டு வளரும் செடி இது. திருநெல்வேலிக்கு வடக்கே, சிற்றாற்றங்கரையில் உள்ள கங்கைகொண்டானோ உடைமரமும் முள்புதரும் நிறைந்த வறண்ட நிலம். 2013-இல் இங்குள்ள காடு புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உடைமரத்தின் இலை ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிற்றிலை. ஆந்தூரியத்தின் அகன்ற இலைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கோடையின் இரு கட்டங்கள்

18 முதல் 30 பாகை செல்சியசு வரை இச்செடிக்கு இதமானது. 35 பாகையைத் தாண்டினால் இலை விளிம்பு கருகும், பாளை வெளுக்கும். சித்திரைக் கடைசியில் தொடங்கும் அக்கினி நட்சத்திர நாட்களில் இவ்வட்டாரத்தில் வெயில் அந்த அளவை எளிதில் கடந்துவிடும்.

கத்திரி முடிந்ததும் ஆபத்து நீங்கியது என்று பலரும் கவனத்தைத் தளர்த்துகிறார்கள். இங்கு அது சரியன்று. சூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிறது. குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, கிழக்கே உலர்ந்த வேகக்காற்றாகவே வந்து சேர்கிறது. வடக்கே கயத்தாற்றில் காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றால்தான். வெயில் குறைந்திருந்தாலும் இலையின் ஈரத்தை இது உறிஞ்சிவிடும்; நீளக் காம்பு கொண்ட இலைகளும் கிழிபடும். எனவே இங்கு கோடைக் கவனிப்பு ஆவணி வரை நீள வேண்டும்.

இடமும் தொட்டியும்

கிழக்குத் தாழ்வாரம் சிறந்தது. மேற்குச் சுவரின் ஓரம் வைக்கக்கூடாது. மாலை முழுவதும் வெப்பத்தை வெளிவிடும் அந்தச் சுவர், பொழுது சாய்ந்த பிறகும் செடியை வாட்டும். மாடியில்தான் வைக்க இயலும் என்றால் 75 சதவீத நிழல்வலை கட்டி, ஆடிக்காற்றுக்கு முன்பே மேற்குப் பக்கமும் வலையைத் தொங்கவிட வேண்டும்.

வெயிலில் நிற்கும் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துபோகும். மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். ஆனால் விரைவில் காயும். செடியுள்ள தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை நனைத்து வருவது நல்ல வழி. வீட்டில் பானைத் தண்ணீர் குளிரும் அதே முறைதான்.

வயல்மண் இதற்கு ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு ஆகியவை கலந்து, வேருக்குக் காற்று கிடைக்கும்படி நிரப்ப வேண்டும். மட்டைத் துண்டுகளை இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசினால் அதிலுள்ள உப்பு போகும்.

நீர்

கோடையில் செடி சாவது பெரும்பாலும் தாகத்தால் என்று எண்ணுகிறோம். அதிக நீரால் சாவதும் அதே அளவு சாதாரணம். நண்பகலில் இலை தொங்கினால் உடனே நீர் ஊற்றக்கூடாது. வேர் அழுகினாலும் இலை இப்படியே தொங்கும். அப்போது ஊற்றும் நீர் அழுகலை விரைவுபடுத்தும். தொட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். கனமாக இருந்தால் ஈரம் உள்ளது, நிழலுக்கு மாற்றினால் போதும். இலகுவாக இருந்தால்தான் தாகம். கனமாக இருந்தும் மறுநாள் காலையிலும் இலை நிமிரவில்லை என்றால் செடியை உருவி, பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டிவிட வேண்டும்.

விடிந்ததும் நீர் ஊற்றுவது நல்லது. மாடித்தொட்டியிலும் வெயிலில் கிடக்கும் குழாயிலும் பகலில் நிற்கும் நீர் கை பொறுக்காத சூடாக இருக்கும். அதை அப்படியே பாய்ச்சுவது வேரில் வெந்நீர் ஊற்றுவதுதான். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படியும், இலைநுனி பழுப்பாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல நீரை நிறைய ஊற்றி அடியில் வடியவிட்டால் உப்பு கழுவிப்போகும். இந்த நுனிக்கருகலை வெயிலின் குற்றம் என்று நினைத்து உரம் போடுவோர் உண்டு. உரமும் உப்புதான். மே மாதத்தில் அதை நிறுத்திவைப்பதே மேல். தொட்டி மாற்றுவதையும் தள்ளிப்போடலாம்.

இலையில் நீர் தெளிப்பது வறண்ட காற்றில் சில நிமிடங்களே பயன் தரும். தொட்டிகளை நெருக்கமாக வைத்துத் தரையை நனைப்பது அதைவிட மேலானது. மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் இலையில் நின்றால் பாக்டீரியக் கருகல் பரவக்கூடும்.

பூச்சியும் நச்சும்

வறட்சியில் இலையின் அடியில் செஞ்சிலந்தி பெருகும். ஈரத்துணியால் துடைத்து, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் எண்ணெயே இலையைக் கருக்கிவிடும். இச்செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப்படிகங்கள் உள்ளன. பச்சைச் சேம்பு போலவே வாயையும் தொண்டையையும் அரித்து வீங்கச் செய்யும். எனவே நிழல் தேடித் தொட்டியைத் திண்ணையில் இறக்கும்போது குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.