பெயரும் பெயர்வெளியும்

கிள்ளானில் முருகன் என்பார் இருவர் இருப்பின், தந்தை பெயரே அவர்களைப் பிரித்துக் காட்டும். எக்ஸ்எம்எல் ஆவணத்தில் அப்பணி ‘பெயர்வெளி’க்கு உரியது.

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த மின்விலைப்பட்டியல் ‘யுபிஎல் 2.1’ அமைப்பைத் தழுவியது. அதன் எக்ஸ்எம்எல் வடிவில் தனியுறுப்புகள் ‘சிபிசி’ என்றும், கூட்டுறுப்புகள் ‘சிஏசி’ என்றும் முன்னொட்டுப் பெறுதல் வழக்கம். முன்னொட்டு வெறும் சுருக்கமே; அது குறிக்கும் பெயர்வெளி முகவரியோ ஓரெழுத்தும் மாறலாகாது.

தொகையோடு வரும் நாணயக்குறி, உறுப்பன்று, பண்பு. அது முன்னொட்டின்றியே நிற்கும். உறுப்பின் பெயர்வெளி அதனைச் சேராது.

ஆதலின், பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு நிரல் எழுதுவோர் முன்னொட்டைப் பெயரோடு ஒட்டிவிட்டால் போதாது. உறுப்பைப் படைக்கும்பொழுதே அதன் பெயர்வெளியையும் கூறல் வேண்டும். இன்றேல் கணக்குச் சரியாயினும் பட்டியல் ஏற்கப்படாமற் போகலாம்.